ஏழு மணிக் கூட்டமும் ஆறு மணிச் செய்தியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. வேலை முடிந்த பிறகு ஒரு காலைப் பத்திரிகைக்குத் தாம்பரம் நிருபர். பகலெல்லாம் தோல் நாற்றம் அடிக்கிற மனிதனுக்கு, சட்டைப் பையில் நிருபர் அட்டை இருந்தால் மாலையில் முதல் வரிசை நாற்காலியும் ஒரு கோலி சோடாவும் கிடைக்கும். மாமனார் வீட்டில் "நம்ம மாப்பிள்ளை பிரஸ்ஸு" என்பார்கள். குமாஸ்தா என்பதை யாரும் சொல்வதில்லை.

அரசியல் கூட்டம் ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் இருக்கும். எட்டுக்குத் தொடங்கும். செய்திக் கவரோ ஆறு மணி மின்சார ரயிலின் கார்டு கையில் சேர்ந்தாக வேண்டும். எழும்பூரில் பத்திரிகை ஆள் வாங்கிக்கொள்வார். அதை விட்டால் மறுநாள் பேப்பரில் இடமில்லை. ஆகவே நடக்கப்போகிற கூட்டத்தை நடந்து முடிந்ததாக எழுதி அனுப்புவது எங்கள் பக்கத்து நிருபர்களின் வழக்கம். நோட்டீஸைப் பார்த்துப் பெயர்களை இறக்கினால் பாதி முடிந்தது. "மக்கள் கடலெனத் திரண்டனர்", "எதிர்க்கட்சியைச் சாடினார்" என்றால் மீதியும் முடிந்தது. மழை மட்டும் வரக்கூடாது.

அப்படி ஒரு நாள், பஞ்சாயத்து யூனியன் சேர்மன் பேசும் கூட்டத்துக்கான செய்தி நாலு வரி குறைந்தது. ரயிலுக்குப் பத்து நிமிஷம். கை தானாக எழுதியது: "ஓராண்டுக்குள் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிநீர்க் குழாய் வராவிட்டால் பதவியை விட்டு விலகுவேன் என்று சூளுரைத்தார்." எல்லாரும் எப்போதும் சொல்வதுதானே, இவரும் எப்போதாவது சொல்லியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

கூட்டத்துக்கும் போனேன். சேர்மன் பேச்சை எகிப்தில் ஆரம்பித்தார். நான் சோடாவை முடித்துவிட்டுக் கிளம்பியபோது கிரேக்க நாட்டில் இருந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் அந்த நாலு வரியை வெட்டி, ஸ்டேஷன் பக்கத்துப் படிப்பகப் பலகையில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டார்கள். கீழே சிவப்பு மையில், "விலகுவாரா? ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்கிறோம்." இரண்டு நாளில் பத்திரிகையிலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. "அப்படிப் பேசவில்லை என்று சேர்மன் மறுப்பு அனுப்பியுள்ளார். குறிப்பு நோட்டுடன் சனிக்கிழமை வரவும். நோட்டு இல்லையேல் நிருபர் அட்டையுடன் வரவும்."

நோட்டு இருந்தது. அதில் கட்டிப் பெருங்காயம், துவரம்பருப்பு, விளக்குத் திரி என்று மனைவி சொல்லி நான் எழுதிய பட்டியல்தான் இருந்தது. அடுத்த பக்கத்தில் சேர்மன் பேச்சை எழுதினேன். மை புதுசாகப் பளபளத்தது. பழசாகத் தெரியட்டும் என்று காப்பி டிகாக்‌ஷனைத் தெளித்து வெயிலில் வைத்தேன். பெருங்காயப் பக்கம்தான் நன்றாகப் பழசாயிற்று.

சரி, சாட்சி பிடிப்போம் என்று கிளம்பினேன். முதலில் மைக் செட்காரர். கடைசி வரை மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தவர்.

"அண்ணே, அன்னிக்கு சேர்மன் குழாயப் பத்திப் பேசினாரா?"

"இன்னா சார், பேச்சு கேக்கறதா என் வேல? ஆம்ப்ளிஃபயர் சூடு ஏறுதான்னு பாத்துகினு இருந்தேன். அவரு இன்னா பேசினாருன்னு அவருக்கே தெரியாது, நீ இன்னா வந்து கேக்கறே."

சலூன்காரர் பாதியில் டீ குடிக்கப் போனாராம். தான் போனபோது சேர்மன் சொல்லியிருப்பார் என்றார். டீக்கடைக்காரர், எல்லாரும் டீ குடிக்க வந்துவிட்டதால் தனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை, விழாததெல்லாம் குழாயாகத்தான் இருக்கும் என்றார். கடைசியாக எங்கள் தெரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் சொல்ல மாட்டார்.

"நான் என் காதால கேட்டேன் மிஸ்டர். ரொம்பத் தெளிவாச் சொன்னார். ஓராண்டுன்னு விரலைக் காட்டினார்."

"விரலைக் காட்டினாரா சார்?"

"ஆமாம். உமக்குச் சந்தேகமா இருந்தா பேப்பரைப் பாரும். போட்டிருக்கான்."

விரல் சங்கதி எனக்கே புதுசு. ஒரு நிமிஷம், உண்மையிலேயே சொல்லிவிட்டாரோ என்று நானே நம்பிப் பார்த்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சுற்றி வந்து என் நாலு வரியில்தான் நின்றார்கள். நோட்டாவது டிகாக்‌ஷனாவது என்று வெள்ளிக்கிழமை காலை சேர்மன் வீட்டுக்கே போய், கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ரயில், நாலு வரி, பெருங்காயம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருங்காயத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாய் நிற்கவில்லை.

அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். மேஜையில் வாடிய மாலை ஒன்று கிடந்தது.

"இத நேத்து யாரு போட்டாங்க தெரியுமா? ராஜகீழ்ப்பாக்கத்துக்காரங்க. என் இருபது வருஷ அரசியல்ல அந்த ஊரு எனக்குப் போட்ட மொத மால. சொல்லலைன்னு எந்த வாயால சொல்றது தம்பி? மறுப்ப வாபஸ் வாங்கி நேத்தே ஆள் அனுப்பிட்டேன்."

"ஐயா, அப்ப நான்..."

"நீ சரியாத்தான் எழுதின. ஆனா ஓராண்டுன்னு ஏம்ப்பா போட்டே? கேக்கவும் ஆள் இல்லாத நேரத்துல எழுதறே, மூணு வருஷம்னு போட்டா கை வலிக்குமா?"

தலையைச் சொறிந்தேன்.

"இனிமே ஒண்ணு செய். ரயிலுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி கார்பன் வெச்சு எனக்கும் ஒரு காப்பி அனுப்பிடு. நான் அதையே பேசிடறேன். உனக்கும் வம்பு இல்ல, எனக்கும் வம்பு இல்ல."

சனிக்கிழமை பத்திரிகை ஆபீஸில் நோட்டைத் திறக்கவே சொல்லவில்லை. "நம்ம நிருபர்கள்ள உங்க ரிப்போர்ட்தான் மறுக்க முடியாத ரிப்போர்ட்" என்று நியூஸ் எடிட்டர் முதுகில் தட்டினார். அட்டை தப்பியது.

அடுத்த கூட்டத்துக்குக் கார்பன் தாளை வைத்து உட்கார்ந்தேன். கடல் திரண்டது. எதிர்க்கட்சி சாடப்பட்டது. குழாய்க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதுவரை நான் எழுதியதை யாரும் பேசியதில்லை. இப்போது ஒரு மனிதர் மைக் பிடித்துப் பேசப்போகிறார். குழாய் என்றால் எங்கிருந்து எங்கே, தண்ணீர் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். எழுதுவதற்கு முன்னால் ஓர் இடத்தைப் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. கையில் நோட்டைப் பார்த்ததும் ஓர் அம்மாள் என்னைக் குழாய் ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டாள்.

"எங்க வூட்டாண்ட எப்போ சார் வருது?"

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதவன் எதுக்கு நோட்டத் தூக்கினு வந்தே?" என்றாள், கயிற்றை இழுத்துக்கொண்டே.