மூன்றிலிருந்து ஐந்து வரை

ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தை ஐந்து மணி வரை நீட்டிவிட்டார்கள் என்று சின்னவள் வீட்டில் சொன்னபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பெயர். அந்தப் பெயரை வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. சம்பளம் ஏறுமா என்று கணவன் கேட்டான். ஏறாது என்றாள். அன்று அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். பெரியவள், சின்னவள் என்று மாமனார் கூப்பிடப்போய் அக்கம்பக்கத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. பெரியவளின் கணவன் கப்பலில் வேலை செய்கிறான். ஆண்டுக்கு ஒரு மாதம் வீட்டில் இருப்பான். சின்னவளின் கணவன் பார்சல் வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். மிஞ்சியது மாமனார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டு நாக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மத்தியானம் இரண்டரை வரைக்கும் பெரியவள், அதன்பின் தூங்கும் வரைக்கும் சின்னவள் என்று ஓர் ஏற்பாடு. யாரும் பேசி வைத்ததில்லை. ஆனால் சட்டம் போட்டதுபோல் நடந்துவந்தது. சின்னவள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பெரியவள் போய்ப் படுத்துக்கொள்வாள். மூன்றிலிருந்து ஐந்து வரை அவளுக்குத் தூக்கம். அந்த நேரத்தில் வீடு பற்றியெரிந்தாலும் எழுப்பாதே என்பாள்.

சின்னவள் எடுத்துக்கொண்டது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை உதறி, கிழிந்ததை ஒதுக்கி, மற்றதை மூன்றாக மடித்து அடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே மூன்று மடிப்பு. ஒருநாள் யாரோ பெரிய அதிகாரி சுற்றிப் பார்க்க வந்தார். சூப்பர்வைசர் அலமாரியைக் காட்டினார், இஸ்திரி எந்திரத்தைக் காட்டினார், பிறகு இவளைக் காட்டி, "இவங்க ரொம்ப நாளா இங்கயே இருக்காங்க" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வரிசையில் மூன்றாவது சாமானாக நின்றது சின்னவளுக்கு உறைத்தது. என்னை யாராவது வந்து இங்கிருந்து நகர்த்துவார்கள் என்றா இத்தனை வருடம் நின்றேன் என்று கேட்டுக்கொண்டாள். பீரோகூட வீடு மாறும்போது நகரும்.

அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கண்ணில் பட்டது. ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் பிரிவுக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு. ஆறு மாதம், மாலை மூன்றிலிருந்து ஐந்து. ஊழியர்களுக்கு இலவசம். வயது நாற்பத்திரண்டுக்குள். அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்து நாலு மாதம்.

வீட்டில் சொல்லாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் எல்லோருடைய ஆசீர்வாதத்தோடும் தையல் வகுப்புக்குப் போய் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள். மாமனாருக்குத் தைக்கத் தொடங்கிய சட்டை ஒரு கையோடு நின்றுபோனது. அதன்பின் வீட்டில் எந்த வேலை பாதியில் நின்றாலும் அதற்கு ஒற்றைக் கைச் சட்டை என்று பெயர். இந்தத் தடவை முடித்துவிட்டுத்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டாள். அது காரணத்தின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. இது யாரும் கொடுத்ததாக இருக்கக் கூடாது, தானே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

எடுத்தாள். வாரத்துக்கு எட்டுக் கருவி என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டு, நோட்டில் ஒவ்வொன்றையும் வரைந்து, பெயர் எழுதி, எந்த மூட்டில் ரத்தம் தங்கும், எதைத் திறந்து கழுவ வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். பேருந்தில் உட்கார்ந்து படித்தாள். தெரியாததைத் தெரியாது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை. கருவிகளைத் துணியில் கட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. சதுரத் துணியை மூலை தன்னைப் பார்க்கும்படி விரித்து, நடுவில் கருவியை வைத்து, நாலு மூலையையும் ஒவ்வொன்றாக உள்ளே மடிக்க வேண்டும். மடிக்கும்போது ஒவ்வொரு மூலையின் நுனியையும் சிறிதாக வெளியே திருப்பிவிட வேண்டும். அதற்குக் காது என்று பெயர். பிரிப்பவர் காதை மட்டும் பிடித்து இழுத்தால் போதும், உள்ளே கை படாது. அந்த மடிப்பு அவள் விரலில் உட்கார்வதற்கு ஒரு மாதம் ஆனது. காலையில் அடுப்படியில் கரண்டிகளைக் கட்டிப் பழகினாள். கணவனின் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப் பழகினாள். பிறகு பழகுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தினமும் அப்படித்தான் கட்டினாள்.

அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பின்னால் யோசித்தபோது அதுதான் அதிகம் உறுத்தியது.

மூன்றாவது மாதம் பெரியவளுக்கு வலது முட்டியில் வலி பிடித்துக்கொண்டது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. அன்று சின்னவள் வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றாள்.

"உங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு பத்து நாளைக்கு மட்டும் சீக்கிரம் விடுவாங்களான்னு கேட்டுப் பாரேன். முட்டிக்குப் பயிற்சி குடுக்கணுமாம். பொம்பளைங்களுக்கு மூணரைக்குத்தான் நேரம் வச்சிருக்காங்க. மாமாவ விட்டுட்டுப் போக முடியாதுல்ல."

கேட்டுப் பார்ப்பதாகச் சின்னவள் சொன்னாள். வகுப்பில் ஐந்து நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பத்து நாள் என்றால் எல்லாம் முடிந்தது. இப்போதே சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். இரண்டு டம்ளர் கழுவும் நேரத்துக்கு யோசித்தாள். மறுநாள் ஐந்தரை மணிக்கு வந்ததும் தானாகவே போய், "கேட்டேன்க்கா. தர மாட்டேங்கறாங்க" என்றாள்.

"சரி விடு. முட்டி எங்க ஓடிடப்போகுது. ஓட முடியலன்னுதான வைத்தியமே."

முதல் பொய்யைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். அது தன் நேரத்தைப் பற்றியது. இந்தப் பொய் இன்னொருத்தி கேட்டதற்குச் சொன்னது. சின்னவள் அதற்கு ஈடு கட்ட முனைந்தாள். முட்டிக்குப் போடும் பட்டை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. சாயங்காலம் எண்ணெயைச் சுடவைத்துக் காலைப் பிடித்துவிட்டாள். பெரியவள் காலை நீட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, ஒரேயடியா விழுந்து விழுந்து கவனிக்கற? உயில் எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்லடி."

மாமனார் அடுத்த அறையிலிருந்து, என்னிடமும் இல்லை, அதனால்தான் எனக்கு எண்ணெய் கிடையாது போல என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். சின்னவள் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அதைத் தேவையில்லாமல் கழுவினாள்.

ஐந்தாவது மாதக் கடைசியில் முட்டி வீங்கிவிட்டது. சின்னவளின் கணவன் அரை நாள் வேனை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள, பெரியவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளே கட்டிய நீரை ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று படுக்கவைத்தார்கள். பக்கத்தில் நர்ஸ் ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்து வைத்து, நுனி விரலால் நாலு காதையும் இழுத்துப் பிரித்தாள். வலியை மறப்பதற்குப் பேச்சுக் கொடுக்கிறவள் பெரியவள். எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு டப்பாவை இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றாள். யார் என்று நர்ஸ் கேட்டாள். என் ஓரகத்தி, இங்கே துணி அறையில்தான் இருக்கிறாள் என்று பெரியவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

துணி அறையில் இந்த மடிப்புக் கிடையாதே என்றாள் நர்ஸ். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புக்கு வருகிறவர்களுக்குத்தான் அதைச் சொல்லித்தருகிறோம். பிறகு நினைவு வந்தவளாக, ஓ அவங்களா, இந்தத் தடவை வகுப்பிலேயே அவங்கதான் முதல் என்றாள். அப்போதுதான் ஊசி இறங்கியது.

பெரியவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு நாள் சொல்லவில்லை. வழக்கம்போலப் பேசினாள், வழக்கம்போல மாமனாரோடு வம்பளந்தாள். ஐந்தரைக்குச் சின்னவள் வந்ததும் வேலை அதிகமா என்று மட்டும் தினமும் கேட்டாள். முன்பெல்லாம் அவள் அதைக் கேட்டதில்லை. ஆமாங்க்கா என்று தினமும் பதில் வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. மொட்டை மாடியில் காய்ந்த விரிப்புகளை எடுக்க இருவரும் போனார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். சின்னவளின் கையில் முனையைக் கொடுத்துவிட்டுப் பெரியவள் விலகவில்லை.

"பரிட்சை எப்போ?"

சின்னவள் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்படித் தெரியும் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்து நின்றது.

"இன்னும் பத்து நாள்லக்கா."

"நான் அன்னிக்கு உங்கிட்ட பத்து நாள் கேட்டேனே. நீ சூப்பர்வைசர்கிட்ட கேட்டியா?"

"இல்லக்கா."

"ம்."

பெரியவள் மாடிச் சுவரில் சாய்ந்து வலது காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"படிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்க்கா. அதான் கேக்கல. நீங்க குடுத்து நான் வாங்கினதா ஆயிடும்னு..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. சொன்னவரைக்கும் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவள் காதிலேயே விழுந்தது.

"அப்போ கேக்காம எடுத்தா அது உன்னோடதா ஆயிடுமா?"

நாளையிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை, நின்றுவிடுகிறேன் என்றாள் சின்னவள். கண் நிறைந்துவிட்டது.

"நிறுத்து, நிறுத்து. இப்போ நீ அழுதா நான் ஆறுதல் சொல்லணும். அதுக்கெல்லாம் எனக்கு இஷ்டமில்ல." பெரியவளின் குரல் உயரவில்லை. "நின்னுட்டா என்னாகும்? என் முட்டியும் போச்சு, உன் படிப்பும் போச்சு. போய் எழுது. பாஸ் பண்ணு. அத நான் ஒருநாளும் சொல்லிக் காட்ட மாட்டேன். ஆனா மனசு கரைஞ்சு மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத. எனக்கு எப்போ தோணுதோ அப்போ."

பிறகு மிச்சமிருந்த இரண்டு விரிப்புகளையும் மடித்தார்கள். ஒருத்தி முன்னே வந்தால் இன்னொருத்தி முனையைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்த வேலை பிணக்கைப் பார்ப்பதில்லை.

அன்று சாப்பிடும்போது சின்னவள் கணவனிடமும் மாமனாரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள். கணவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எங்களிடம் மறைத்தாய் சரி, அண்ணி கேட்டபோதுமா என்றான். மாமனார் வழக்கமான கிண்டல் எதையும் எடுக்கவில்லை. அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

பரிட்சை எழுதினாள். முதலாவதாக வரவில்லை, மூன்றாவதாக வந்தாள். கிருமி நீக்கும் பிரிவில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை கொடுத்தார்கள். பச்சை அங்கி கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் கட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடம் அவள் மடித்த எதிலும் யார் மடித்தது என்று இருந்ததில்லை. முதல் நாள் கையெழுத்துப் போட்டபோது வந்த பூரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பேருந்திலேயே அதை முடித்துக்கொண்டாள்.

பெரியவள் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். தாமதமாக வந்ததால் முட்டி முழுசாக மடங்காது, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் செய்தி வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு உப்பைத் தள்ளு என்றாள்.

பதினோராம் நாளும் மூன்று மணிக்குத் தலை வாரி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பத்து நாள் முடிஞ்சிருச்சேக்கா."

"முடிஞ்சிருச்சு." செருப்பைப் போட்டுக்கொண்டாள். "இனிமே திங்கள், புதன், வெள்ளி மூணுலேர்ந்து அஞ்சு எனக்கு. எங்க போறன்னு கேக்காத."

சின்னவள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தன்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரு முனை வரை பெரியவள் வலது காலைச் சற்றே இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். மாமனாரைப் புரட்டும் நேரம்.

முன்பெல்லாம் சாயங்காலப் புரட்டலுக்குப் பெரியவளும் தூங்கி எழுந்து வந்து ஒரு கை கொடுப்பாள், ராத்திரிக்குக் கணவன் இருப்பான். பயிற்சிக்குப் போன பத்து நாளும் பெரியவள் புரட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். தனியாகப் புரட்டுவது சின்னவளுக்கு இதுதான் முதல் தடவை. தோளைத் தள்ளினாள், இடுப்பு வரவில்லை. இடுப்பை இழுத்தாள், தோள் மடங்கியது. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பெரியவ இப்படிச் செய்ய மாட்டாம்மா," என்றார் மெதுவாக. "மொதல்ல வலது முட்டியக் கட்டில் விளிம்புல ஊனிக்குவா. அப்புறம் ஒரே தள்ளு. எனக்கு வலிக்கவே வலிக்காது."

சின்னவள் புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது முட்டியைக் கட்டில் விளிம்பில் வைத்தாள். அது இரும்பு விளிம்பு. பாரம் முழுவதும் அங்கே இறங்கி எலும்பில் ஏறியது. தான் இல்லாத மாலைகளில் இரண்டு இரண்டு தடவை, ஆறு மாதம் என்று எண்ணப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஆங், அப்படித்தான்," என்றார் மாமனார். "இப்போ தள்ளு."