ஒரு பிளேட், மூணு கை

முனிரத்தினம் செத்துட்டான். காலையில் அவன் பையன் போன் செய்து சொன்னான்.

'காலமானார்' என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

பழைய கம்பெனி குரூப்பில் காலையிலிருந்து ஒரே RIP. "தங்கமான மனுஷன்", "சாப்பாட்டு ராஜா", "யாரையும் கடிந்து பேசாதவர்"... கடிந்து பேச மாட்டான், சரிதான். நேராக அடிப்பான். என் முன்பல் ரெண்டும் பொய்ப்பல் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. நான், முனிரத்தினம், ஏழுமலை மூன்று பேரும் ஒரே மெஷின் ஷாப், ஸ்டேஷன் பக்கத்தில் ஒரே ரூம்.

நான் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற வீட்டுப் பையன், அதனால் அவர்களுக்கு "சாமி". முனிரத்தினம் ஊத்துக்கோட்டையில் நிலபுலன் உள்ள குடும்பம். ஏழுமலை ஆர்.கே.பேட்டை பக்கத்துக் காலனி. எங்கள் மூவரில் லேத்தில் நல்ல கை ஏழுமலைக்குத்தான்.

லீவு நாள் என்றால் மெட்ராஸ் ரயில். வாரம் ஒரு புது ஓட்டல், ஒரு புது ஐட்டம்.

முதலில் ஒரே ஒரு பிளேட் சொல்வோம். மூணு பேரும் அதில் கை வைப்போம். பிடித்திருந்தால்தான் ஆளுக்கு ஒன்று, இல்லையென்றால் அடுத்த கடை. இந்த ரூலைப் போட்டதே முனிரத்தினம்தான்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாக்காரர்கள் கடையில் அத்தோ நூடுல்ஸ், ராயபுரத்தில் பாயா, சென்ட்ரல் பக்கம் ஒரு சந்தில் மூளை ஃப்ரை... முட்டை வாசனையே தெரியாமல் வளர்ந்தவன் நான். "கண்ண மூடிக்கினு உள்ள தள்ளு சாமி, பெருமாள் பாக்க மாட்டாரு" என்று ஊட்டிவிட்டது ஏழுமலை.

ஒரு நாள் வால்டாக்ஸ் ரோடில் பக்கத்து டேபிள் ஆள் ஒருவன் எங்கள் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஏழுமலையைப் பார்த்துக் கேட்டான். "மூணு பேரும் ஒண்ணா கை வெக்கிறீங்களே, இவன் இன்னா ஆளு?"

"எங்க தட்டு, எங்க கை. உனுக்கு எங்க நோவுது?" என்றான் முனிரத்தினம். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சால்னா கிண்ணத்தாலேயே மூக்கில் ஒரு இடி. அந்த ஆள் சட்டையெல்லாம் சால்னாவா ரத்தமா தெரியவில்லை. முதலாளி எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். சென்ட்ரல் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓடினோம்.

அன்றைக்கு அவனை நம்பினேன். ஏழுமலையும் நம்பினான்.

அடுத்த மாசம், "எங்க ஊர் கோழி வறுவலைத் துன்னு பாருங்கடா" என்று ஊத்துக்கோட்டைக்குக் கூட்டிப் போனான். பஸ் ஸ்டாண்ட் எதிர் ஓட்டல். உள்ளே போனால் அவன் தாய்மாமா, சொந்தக்காரர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். யார், என்ன என்று கேட்கவில்லை.

வழக்கம்போல ஒரு வறுவல் சொன்னோம். அதை முனிரத்தினத்தின் இலையில் வைத்தார்கள். ஏழுமலையின் கை தானாகப் போனது. வாரா வாரம் போன கை. ஊர் பார்த்துப் போகத் தெரியாத கை.

"இன்னா நைனா..." மாமா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "உன் எலைல கை வெக்கிறானே, யார் ஊட்டுப் புள்ள?"

எதையாவது சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்யறான், ஃப்ரெண்டு, தெரியாம வெச்சிட்டான்... ஒரு பொய்யாவது.

முனிரத்தினம் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தான். கடப்பைக்கல் மேஜைமேல் அழுத்தினான். தண்ணி வைத்திருந்த பித்தளைச் சொம்பை இன்னொரு கையில் எடுத்தான்.

முதல் அடியிலேயே விரல் உடைந்த சத்தம் கேட்டது. அவன் நிறுத்தவில்லை. ஏழுமலை கத்தவில்லை. "டேய் முனி... டேய் முனி, நான்டா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் பெஞ்சைத் தூக்கி முனிரத்தினத்தின் முதுகில் போட்டேன். இன்னொரு தடவை போட்டிருப்பேன், அதற்குள் மாமா ஆட்கள் என்னை ரோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். வாயிலேயே உதைத்தார்கள், முன்பல் ரெண்டும் போயிற்று. "கோயில் ஊட்டுப் புள்ளன்றதால ரெண்டு பல்லோட நிறுத்திக்கினோம்" என்றார் மாமா.

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஏழுமலைக்கு மூன்று விரல் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

மடங்காத விரலுக்கு லேத் எதற்கு? கம்பெனி அவனை கேட் வாட்ச்மேனாக்கியது. முனிரத்தினம் ஃபோர்மேன் ஆனான். அவன் ஸ்கூட்டருக்கு ஏழுமலை தினமும் கேட் திறந்துவிட்டான். ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை... இல்லை.

ஏழுமலை இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள். "இன்னாபா, பீச்சாங்கைல துன்ற?"

"சோத்துக்கைய ஊத்துக்கோட்டைல வெச்சிட்டு வந்துட்டேன்பா" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். எனக்கு அந்தச் சிரிப்பு வந்ததே இல்லை.

பையன் போனில் அழுதான். "அப்பா உங்க ரெண்டு பேரையும் பத்தி நெறைய சொல்வாரு அங்கிள். அத்தோ கதையெல்லாம் சொல்லுவாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு ரெண்டு பேரும் வந்து சாப்ட்டுதான் போணும்."

அத்தோ கதை சொல்லியிருக்கிறான். சொம்புக் கதை சொல்லவில்லை போல. செத்த வீட்டில் நானும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஏழுமலைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டான்.

"எங்க ஒக்கார வெப்பானுங்களாம் சாமி?"

பிறகு அவனே சொன்னான்.

"பேஜாரு வேணாம் உடு. அன்னிக்கு பீச் ஸ்டேஷனாண்ட வந்துடு. அத்தோ துன்லாம்."

போகிறேன். ஒரு பிளேட்தான் சொல்வோம். அவன் இடது கை, என் வலது கை. எவனாவது ஏதாவது கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன், முனிரத்தினம்.

போ. 'போய்ட்டு வா' என்று மட்டும் சொல்ல மாட்டேன்.