மணப்பெண் பக்கத்து வெளிச்சம்

கண் கூசி, இமையைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்த அந்த மணப்பெண்ணின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கிள்ளான் நகரில் ஒரு கல்யாண மண்டபம். படம் எடுக்கப் போயிருந்தேன். சடங்கு தொடங்கும் முன் மாப்பிள்ளையின் அத்தை என்னை மேடை ஓரமாக அழைத்து, "பொண்ணு ரொம்ப கருப்புலா தம்பி. மாப்பிள்ளை பக்கத்துல எடுப்பா தெரியுற மாதிரி பாத்து எடுங்க" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. மணப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

எனக்கு அது ஒன்றும் புதிய வேண்டுகோள் இல்லை. வித்தை கைவசம் இருந்தது. கேமராவின் மேல் ஒரு பிளாஷ். மணப்பெண் பக்கமாகத் தள்ளி, ஸ்டாண்டில் இன்னொன்று. இரண்டையும் கம்பியில்லாமல் ஒரே நொடியில் எரிய வைக்க ஒரு டிரிக்கர். முறைப்படி, தள்ளி நிற்பது முகத்துக்கு வடிவம் தர வேண்டும். கேமராவில் உள்ளது நிழலை லேசாகக் குறைத்தால் போதும். நானோ டிரிக்கரின் பட்டனைத் தட்டித் தட்டி, தள்ளி நின்ற பிளாஷின் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை தன் நிறத்தில் இருந்தார். அவள் மட்டும் படத்துக்குப் படம் வெளுத்தாள். "அண்ணே, அந்த லைட்டு ரொம்ப கண்ணு கூசுது" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சூப்பரா வரும்" என்றேன். இத்தனைக்கும் நானும் கருப்புதான். பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே பட்டப்பெயர் வாங்கியவன்.

டிரிக்கர் சில நேரம் காலை வாரிவிடும். தள்ளி நிற்கும் பிளாஷ் எரியாது. கேமராவின் வெளிச்சம் மட்டும் விழும். அப்படி விழுந்த படங்களில் கேரி தீவிலிருந்து வந்த அந்த மணப்பெண், அவளாகவே, நல்ல சிரிப்போடு இருந்தாள். கெட்டுப்போன படங்கள் என்று அங்கேயே அழித்தேன். ஆல்பம் வாங்க வந்தபோது அத்தைக்கு வாயெல்லாம் பல். கூட வந்த மணப்பெண் பக்கங்களை வேகமாகப் புரட்டி, "நல்லாருக்குண்ணே" என்று மூடிவைத்தாள். புதுப்பெண்ணின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்தி எனக்கு.

பல வருஷம் கழித்து, அண்மையில் பிரிக்பீல்ட்சில் உள்ள என் ஸ்டூடியோவுக்கு அவள் மகளோடு வந்தாள். இப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சிறுமி. அம்மாவின் முகம், அம்மாவின் நிறம்.

"அண்ணே, என் கல்யாணத்துல என் கலர்லயே எடுத்த படம் ஒண்ணாவது இருக்கா? ஆல்பத்தப் பாத்துட்டு, அம்மா நீங்க அப்போ வெள்ளையா இருந்தீங்க, நான் மட்டும் ஏன் கருப்புன்னு கேக்குறா. அது அன்னிக்குப் போட்ட லைட்டு, நான் எப்பவுமே இப்படித்தான்னு சொன்னா நம்ப மாட்றா."

கோபத்தோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஓர் உதவியைக் கேட்பதுபோல் கேட்டாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினேன். எல்லாம் வெளுத்த படங்கள். ஒன்றைக் கணினியில் இருட்டாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் தின்றுவிட்ட இடத்தில் நிறம் ஏது? கன்னத்தில் சாம்பல் பூசியதுபோல் ஆனது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, விடுங்க" என்றாள். அத்தை சொல்லித்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பட்டனைத் தட்டியது என் விரல் என்பதால் மூடிக்கொண்டேன். அவமானமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உக்காருங்கம்மா, ரெண்டு பேரையும் இப்பவே எடுத்துத் தரேன்" என்றேன். என்னால் முடிந்த பரிகாரம் அதுதான். அம்மாவையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பிளாஷையும் அடக்கி, அவர்கள் நிறம் அப்படியே விழும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான் எடுத்ததில் நல்ல படம் அது. அம்மா திரையைத் தொட்டுக் காட்டி, "பாத்தியா, நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்றாள்.

சிறுமி உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"அங்கிள், எனக்கும் அம்மாவுக்கு அன்னிக்குப் போட்ட லைட்ட போடுறீங்களா?"