பாத்திரத்துக்குப் போட்ட கோட்டு

என் மகள் தன் கையால் தைத்துப் போட்டுக்கொண்ட உடைகளை, அவள் வீட்டில் இல்லாத நேரத்தில், பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போட்டுவிட்டேன். அவற்றை எதற்காக அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். செய்தது தன் அம்மா என்று அவள் நினைத்தபோது, அப்படியே நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டாவது தவறுதான் பெரியது. முதலாவதைச் செய்ய ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இரண்டாவதைப் பல வருடங்கள் தினமும் செய்தேன்.

அது பச்சைத் தேயிலையின் விலை சரிந்துகொண்டே போன காலம். நாங்கள் குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் ஒரு படுகர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். சரிவுக்குக் கீழே இருந்த தேயிலை ஃபேக்டரியில் எனக்குக் குமாஸ்தா வேலை. குடோன் சாவியும் என்னிடம்தான். பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்தன. இலை வராத நாட்களில் ஃபேக்டரி ஓடாது. காலையில் கண் விழித்ததும் ஜன்னலைத் திறந்து வறுத்த தேயிலையின் வாசனை வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் அன்றைக்கும் இலை இல்லை என்று அர்த்தம். பக்கத்து ஃபேக்டரிகளில் ஒன்றிரண்டு பேராக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பி.ஏ. படித்தவன், சமவெளியிலிருந்து வந்த குடும்பம், ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறவன். அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

மகள் அப்போது ஊட்டியில் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவளுக்குப் புதுத்துணி எடுக்க முடியவில்லை. அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த டிரங்குப் பெட்டிகளைத் திறந்தாள். என் மனைவியின் அப்பா, மகளுக்கு அப்பிச்சி, குன்னூர் கீழ்க்கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். குளிருக்காக வேட்டிமேல் ஒரு கறுப்புக் கோட்டுப் போட்டபடி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவர் போன பிறகு அந்தக் கோட்டு என் மனைவியிடம் வந்தது. மகள் அதைத் துளிகூட வெட்டாமல், தோளையும் இடுப்பையும் உள்பக்கமாகப் பிடித்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே, அவள் அம்மா கல்யாணமான புதிதில் கட்டிய நைலெக்ஸ் சேலையிலிருந்து லைனிங் கொடுத்தாள். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட சேலை அது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் கறுப்புக்கு மேல் அந்த ரோஜாக்கள் தெரியும்.

கோட்டோடு அவள் நிற்கவில்லை. நான் கோயம்புத்தூரில் படித்த காலத்துப் பெல்பாட்டம் பேன்ட்டுகள் இரண்டை, ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று பாட்டில் பச்சை, தொடைத் தையலைப் பிரித்து ஒன்றாக்கி, பாக்கெட்டுகளை அப்படியே விட்டு, பாவாடை தைத்தாள். மேலே என் தங்கை ஒரு காலத்தில் போட்ட, தோளில் பஃப் வைத்துக் கை புடைத்து நிற்கும் ரவிக்கை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து சுற்றிக் காட்டினாள்.

“எல்லாரு காலத்துலயும் கொஞ்சங்கொஞ்சம் எடுத்துக்கிட்டேனுங்கப்பா. உங்க காலத்துலதான் துணி ஜாஸ்தி. ஒரு காலுக்குள்ள ஒரு ஊடே கட்டலாம்.”

நான் சிரித்தேன். அவளுக்கு அது நன்றாகவும் இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அவள் அப்படியே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ஃபேக்டரியில் இலையின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவருக்கு யாரையாவது சீண்டாமல் பொழுது போகாது. ஒருநாள் எல்லோருக்கும் நடுவில் கேட்டார்.

“ஏனுங்க, பாப்பா மேல பாதி மணியகாரரு, கீழ பாதி காலேஜுப் பையனாட்டப் போகுதுங்களே. எந்த ஊரு நாடகமுங்க?”

சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கு மதியம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது சிரமமா, பாப்பாவை வழியில் பார்த்தேன் என்றார். அன்பாகத்தான் கேட்டார். சிரமம் ஒன்றும் இல்லை என்றேன். மறுநாள், குடோன் சாவி கொஞ்ச நாளைக்குத் தன் மாப்பிள்ளையிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கஷ்டப்படுகிற வீட்டுக்காரன் கையில் சாவி இருந்தால் தேயிலை மூட்டை குறையும் என்று நினைக்கிறார்கள். அடுத்து நிறுத்தப்படப்போகிறவன் நான்தான். என் வீட்டு வறுமையை என் மகள் தினமும் உடம்பில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுகிறாள். இப்படியே ஓடியது மனசு. அவள் படி இறங்கும் சத்தம் கேட்டாலே இன்றைக்கு எதைப் போட்டிருக்கிறாளோ என்று பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் கோயம்புத்தூரில் இரண்டு வருட ஆடை வடிவமைப்புப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரும்போது தானே உருவாக்கிய உடைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கோட்டையும் பாவாடையையும் துவைத்து, தேய்த்து, பெட்டியில் மடித்து வைத்தாள். இன்னும் இரண்டு வருடம் இந்த உடைகளே வீட்டுப் பேச்சாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவளுக்கு அது வாழ்க்கையின் வாசலாக இருக்கலாம் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

இலை வராத ஒரு நாள். மனைவி குன்னூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மகள் கல்லூரியில். தலையில் பாத்திரக்கூடையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து அடிக்கடி வரும் ஆள் கீழே குரல் கொடுத்தார். நான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் ஏறிட்டுப் பார்த்து, அம்மா இல்லைங்களா என்று கேட்டார். துணி போட்டுப் பாத்திரம் எடுப்பது பெண்கள் வேலை. எந்த வீட்டிலும் ஆண்கள் அதற்கு வந்து நின்றதில்லை. நான் மூட்டையை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தார். லைனிங்கைத் தடவினார்.

“இதையுமுங்களா?” என்றார்.

“ஆமா” என்றேன்.

மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அடுக்களை அலமாரியில் வைத்தேன். அங்கே வைத்தால் மற்ற பாத்திரங்களோடு பாத்திரமாக இருக்கும் என்று தோன்றியது.

மனைவி வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அப்பா கோட்டுமா என்று மட்டும் கேட்டாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். பையிலிருந்த காய்கறியை எடுக்காமலே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். பெட்டி காலி. அடுக்களைக்கு வந்தவள் தூக்கைப் பார்த்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்றே தோன்றியிருக்காது. நேராக அம்மாவிடம்தான் கேட்டாள்.

“எங்கம்மா என் துணி?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று அப்போதே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

“எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துதுன்னு போட்டுட்டேன் கண்ணு” என்றாள் மனைவி.

“அப்பிச்சி கோட்டக்கூடவா?”

“ஆமா.”

மகள் கத்தவில்லை. அறைக்குள் போய்விட்டாள். நேர்முகத்தன்று ஒரு சாதாரண சுடிதாரில் கிளம்பினாள். மேட்டுப்பாளையத்திலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். வெறுங்கையோடு போய் எதைக் காட்டுவது என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள், அம்மாவிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். தடவிக்கொடுத்தேன்.

பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆனது. அம்மாவோடு பேச்சு திரும்ப வந்தது, ஆனால் தூரத்துச் சொந்தக்காரியிடம் பேசுகிற மாதிரி. சாப்பிட்டியா, மழையா, சரி வைக்கிறேன். பழைய துணி எதையும் அவள் மறுபடி தொடவில்லை. கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போட்டாள். கூட்டத்தில் நின்றால் அவளைத் தேட வேண்டியிருந்தது. நான் ஆசைப்பட்டது அதுதானே. ஃபேக்டரியோ, என்னை நிறுத்துவதற்கு முன்பே மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். குன்னூர்க் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தேன். பயந்தது நடந்த பிறகும் உயிரோடுதான் இருந்தோம்.

வயதாகி வேலையை விட்ட பிறகு தேட ஆரம்பித்தேன். மேட்டுப்பாளையத்தில் பாத்திரக்காரர்களின் தெருவில் விசாரித்தேன். என்னிடம் வாங்கியவர் உயிரோடு இல்லை. அவருடைய சொந்தக்காரர், நல்ல துணி சந்தைக்குப் போகும், மற்றதெல்லாம் ஒர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் துடைக்கப் போகும் என்று விளக்கினார். கோட்டு என்றால் யாராவது போட்டிருப்பார்கள் என்று ஆறுதலும் சொன்னார். அதற்குப் பிறகு ஊட்டி மார்க்கெட் பக்கம் பழைய உடுப்பு விற்கிற இடங்களில் நின்று ஒவ்வொரு கறுப்புக் கோட்டாகப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றை வாங்கி, பொங்கலுக்கு மகள் வந்தபோது அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல துணி என்றாள். மடித்து என்னிடமே நீட்டினாள்.

“இது யாரோ போட்டதுங்கப்பா. நான் போட்டது நம்மூட்டு ஆளுங்களை. அது அம்மாளுக்குப் புரியலை. உங்களுக்காச்சும் புரிஞ்சுதே.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாத்திரக்காரர் வந்தது, போர்வையில் கட்டியது, பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும். டீ மேக்கரின் கிண்டலையும் சாவியையும் சொல்ல வாயெடுத்தேன். அவை சாக்காகக் காதில் விழும் என்று பட்டதால் நிறுத்திக்கொண்டேன். அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து அடுக்களைக்குப் போனாள். குரல் மட்டும் கேட்டது.

“ஏம்மா சொல்லலை?”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை நிறுத்தினாள்.

“அப்ப உங்கப்பனுக்கு வேலை போயிருமுன்னு ராவும் பகலும் பயம். அந்தப் பயத்தைப் பாத்து எனக்குப் பயம். நீ ரெண்டு நாள் என்கிட்டப் பேசமாட்டே, சரியாப் போயிருமுன்னு நெனச்சேன்.”

“ரெண்டு நாளாம்மா?”

அதற்குப் பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது. இருவரில் யார் அழுதது என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மகள் ஊருக்குப் போன பிறகு மனைவி என்னிடம் வந்து நின்றாள். எனக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“அவளுக்கு அம்மா இல்லாட்டியும் அப்பனாச்சும் இருந்தாருங்க. இப்ப அதையும் எடுத்துட்டீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள்.

இப்போது மகள் தினமும் கூப்பிடுகிறாள். நான் போனை எடுத்தால், நல்லா இருக்கீங்களாப்பா, அம்மாகிட்டக் குடுங்க என்பாள். மரியாதை குறையவில்லை. கொடுத்துவிட்டு நான் கூடத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே மனைவி சிரிப்பது கேட்கும். இந்த வீட்டில் அவள் இவ்வளவு சிரித்து எனக்கு நினைவில்லை. எந்தச் சேலை எந்த வருடத்தது, எந்த ரவிக்கையை எந்தத் தையல்காரர் கெடுத்தார், அந்தக் காலத்தில் கழுத்தை எவ்வளவு இறக்கி வைத்தார்கள் என்று மணிக்கணக்கில் பேச்சு. மனைவியின் பெட்டி கொஞ்சங்கொஞ்சமாகக் காலியாகி, பார்சலாகத் திருப்பூருக்குப் போகிறது. மகள் மறுபடியும் தைக்கிறாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் நானே கேட்டேன். என்ன தைக்கிறாள், இங்கே வரும்போது போட்டுக்கொண்டு வரச்சொல்லேன், பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன்.

மனைவி பார்சலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அவ கொண்டாரட்டுமான்னுதானுங்க கேட்டா. நாந்தான், அங்கயே இருக்கட்டும் கண்ணுன்னு சொல்லிட்டேன்” என்றாள்.