லீவில் வருகிறவன்

ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களில் ஞானபாக்கியம் மட்டும் பஸ் சத்தம் கேட்டால் கையை நிறுத்திவிடுவாள். இறங்கியது யாரென்று தெரிந்த பிறகுதான் அடுத்த கொடியைத் தொடுவாள்.

அவள் புருஷன் ஜோஷ்வா ராணுவத்தில் ஹவில்தார். ஊருக்கு வந்தால் கோயில் பூசையில் முன்வரிசையில் நிற்பான். பட்டாளத்தில் சேர நினைக்கும் பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பான். வடக்கே குவார்ட்டர்ஸில் அவன் அறைந்த அறையில் ஞானபாக்கியத்துக்கு இடது காது கேட்காமல் போனது ஊருக்குத் தெரியாது. அப்போது அவள் அரைகுறை ஹிந்தியோடு யூனிட் ஆபீசுக்குப் போய் அழுதாள். அங்கிருந்த அதிகாரி இருவரையும் உட்காரவைத்து டீ கொடுத்து, குடும்பம் என்றால் இப்படித்தான் என்று சேர்த்தே அனுப்பிவைத்தார். வீட்டுக்குள் வந்ததும் ஜோஷ்வா கதவைத் தாழிட்டான். சத்தமே போடாமல், "எங்க போயி என் பேரச் சொன்ன?" என்று கேட்டான். அதன் பிறகு நடந்ததை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

காயம் ஆறியதும் ரயிலேறி ஊரில் அண்ணன் அந்தோணிமுத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜோஷ்வா லீவு கிடைக்கும்போதெல்லாம் சொல்லாமல் வந்து வாசலில் நின்றான். தேனியில் பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலர் உமாதேவி அவள் புகாரை மகளிர் ஆணையத்துக்கு அனுப்பியபோது அண்ணன் பதறினான்.

"நாட்டக் காக்குற ஆளு மேல புகாரா? ஊரு நம்மளத்தான் காறித் துப்பும் ஆத்தா."

"துப்பட்டும்ணே. செத்தா வந்து தூக்கவா போறாக?"

கலெக்டர் ஆபீசில் விசாரணை நடந்தது. ஜோஷ்வா இஸ்திரி கலையாத சட்டையில் விறைப்பாக நின்றான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் உமாதேவியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரிக்க வந்திருந்த ஆணையத்து அம்மா, யூனிட்டிலிருந்து வந்த அதிகாரியைக் கேட்டார்: "முதல் புகார் வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"சமாதானம் செஞ்சு வெச்சோம் மேடம்."

"அதக் கேக்கல. டாக்டர்கிட்ட அனுப்புனீங்களா? இந்தம்மாவத் தனியா வெச்சுப் பேசுனீங்களா? மேல யாருக்காவது தெரிவிச்சீங்களா?"

"இல்ல மேடம்," என்றார் அதிகாரி. இப்படி ஒருவர் பட்டாளத்தாரைக் கேள்வி கேட்க முடியும் என்பதே ஞானபாக்கியத்துக்குப் புதிதாக இருந்தது.

ஆணையத்து அம்மா அவள் பக்கம் திரும்பினார்: "உனக்கு என்னம்மா வேணும்?"

"அவுக லீவுல கெளம்பும்போது ஆபீசுலருந்து எனக்குச் சொல்லிறணும். அது போதும்."

யூனிட் முறையாக விசாரித்து ஆணையத்துக்குப் பதில் தர வேண்டும், லீவு கொடுக்கும்போதெல்லாம் உமாதேவிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த அம்மா உத்தரவிட்டார். ஜோஷ்வா அவள் இருக்கும் வீட்டை நெருங்கக் கூடாதென்று கோர்ட்டில் ஆணை வாங்கும் வேலையை உமாதேவி ஏற்றுக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஜோஷ்வா அவளை உரசிக்கொண்டு போனான். அவள் இடது காதருகே குனிந்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னான் என்று தெரியாததே அவளை வாரக்கணக்கில் தூங்கவிடவில்லை.

கோர்ட் ஆணை வந்து, மழைக்காலமும் முடியும் சமயத்தில் உமாதேவியின் போன் வந்தது. "பாக்கியம், அவரு நாளைக்கு ரயில் ஏறுறாரு. போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். பயப்படாத."

பயப்படாமல் எப்படி இருப்பது? ஆனால் இந்த முறை நேரம் இருந்தது. பின்கட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். அண்ணனிடம் சொன்னபோது அவன் கட்டிலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஜோஷ்வா வந்தான். தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் அவனிடம் ஏதோ பேசினார். ஜன்னல் இடுக்கு வழியாக ஞானபாக்கியம் பார்த்தாள். அவன் இந்த வீட்டையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

லீவு முடிந்து அவன் யூனிட்டில் சேர்ந்துவிட்டதாக உமாதேவி சொன்னபோது அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அடுத்த லீவு எப்ப மேடம்?"