இருபத்தாறாம் நம்பர் சிவப்பு

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் சால்மன் மீனுக்குப் புகையூட்டும் ஆலையொன்றில் குமுதினிக்கு நிறம் பார்க்கிற வேலை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளிறலிலிருந்து கடுஞ்சிவப்பு வரை நம்பர் போட்ட அட்டையை மீன் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒத்துப்போகிற நம்பரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பருத்தித்துறையில் மீன் தின்று வளர்ந்தவளுக்கு இந்தக் கூத்து தொடக்கத்தில் சிரிப்பை மூட்டியது. செவுளைப் பார்க்காமல், கண்ணைப் பார்க்காமல், அட்டையைப் பார்த்து மீன் வாங்குகிற சனம்!

அந்தச் சிவப்பும் மீனுடையதல்ல. நோர்வேயில் வலைக்கூட்டுக்குள் அடைத்து வளர்க்கிற சால்மனுக்குத் தீவனத்தில் நிறப்பொருள் கலந்து கொடுக்காவிட்டால் சதை சாம்பல் பூத்துக் கிடக்கும். கூடுகள் பெருகப் பெருக மீன் மலிந்தது. ஒருகாலத்தில் பணக்காரர் மேசைக்கு மட்டும் போனது, இப்போது மலிவுக்கடையில் கோழி இறைச்சியோடு போட்டி போட்டது. விலை விழுந்ததும் வளர்ப்பவர்கள் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள். தீவனத்தில் அந்த நிறப்பொருள்தான் கொள்ளை விலை. அதிலேயே கை வைத்தார்கள்.

2004 டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன் வந்த லோடு வெளிறிப்போயிருந்தது. அட்டையில் இருபத்துமூன்று. கடைக்காரர்கள் கேட்டதோ இருபத்தாறு. மேற்பார்வையாளன் பீலிக்ஸ் பெரிய யோசனைக்காரன். நிறம் பார்க்கிற மேசைக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றிவிட்டு, இறைச்சிக்கடைகளில் மாட்டுகிற சிவப்புச் சாயல் விளக்கைப் பூட்டினான்.

"இப்போது பார்," என்றான்.

குமுதினி பார்த்தாள். மீன் சிவந்திருந்தது. பக்கத்திலிருந்த அட்டையும் கூடவே சிவந்திருந்தது. மறுபடியும் இருபத்துமூன்று. தொழில்நுட்பம் படித்த அந்த மேதைக்கு இது விளங்கக் கால் மணித்தியாலம் பிடித்தது.

விளங்கியதும் குரலைத் தாழ்த்தினான். "இருபத்தாறு என்று எழுது. ஜனவரியில் உன் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்குகிறேன்."

இரண்டு வருடமாக ஆறு மாதம், ஆறு மாதம் என்று இழுபடுகிற ஒப்பந்தம். நிரந்தர வேலை இல்லாமல் நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்காது என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையை விரித்திருந்தார்கள்.

அன்று வீட்டில் புருஷன் அல்பேர்ட்டிடம் நடந்ததைச் சொன்னாள்.

"பேசாமல் எழுதிப்போட்டு வாரும். அவன்ர மீன், அவன்ர பொய்," என்றான் அவன்.

"கையெழுத்து என்ரையெல்லோ?"

"கையெழுத்தைப் பார்த்தே சனம் தின்னுது?"

மறுநாள் எழுதினாள். வெட்கமாக இருந்தது. மூன்று நம்பருக்கு விலைபோய்விட்டோமே என்று தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. கடைக்காரர்களோ பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தாளை மட்டும் பார்த்தார்கள்.

ஜனவரியில் நிரந்தரம் வந்தது. வதிவிட அனுமதி கைக்கு வருமுன்பே, ஏப்ரலில் ஆலையை மூடினார்கள். போலந்தில் கூலி குறைவு. நோர்வே மீன் அங்கே போய் முள் நீங்கி ஜெர்மனிக்குத் திரும்பினாலும் முதலாளிக்கு லாபமாம். நிரந்தரம் என்று அவர்கள் சொன்னது மூன்று மாதத்தைத்தான் போலும்.

கடைசி நாளன்று பீலிக்ஸ் எல்லோருக்கும் நற்சான்றுக் கடிதம் கொடுத்தான். இந்த நாட்டில் அது இல்லாமல் அடுத்த வேலைக்கு வாசற்படி மிதிக்க முடியாது. அவளுடையதை வீட்டில் அல்பேர்ட் சத்தமாக வாசித்தான்: "நிறத் தரம் பார்ப்பதில் எவருக்கும் வளைந்துகொடுக்காத நேர்மையாளர்."

"நல்லாத்தானே எழுதியிருக்கிறான்," என்றான்.

"கொண்டாங்கோ இஞ்ச," என்று பறித்தாள். கிழிக்கத்தான் கை போனது. ஆனால் திங்கட்கிழமை இன்னொரு மீன் ஆலையில் நேர்முகத் தேர்வு. கடிதத்தின் பிரதி கேட்டிருந்தார்கள்.

ஐந்து பிரதி எடுத்தாள்.