பின்கதவு நட்சத்திரம்

சந்தனசாமிக்குச் சோறு போட்டவர் சனீஸ்வரன்தான். இவரோ கோவில்பத்துக்காரர், மாதாகோயிலில் ஞாயிறு பூசையைத் தவறவிடாத கிறிஸ்தவர். ஆனால் சனிக்கிழமை வந்தால் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து பக்தர்களைத் திருநள்ளாறுக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. தன் பச்சை அம்பாசிடரை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, "என்னைய இப்படிக் கவனிச்சிருந்தா நானும் பளபளன்னு இருந்திருப்பேன்" என்பாள் மனைவி ஞானமேரி.

சுனாமி வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மகள் டெல்பின் ஓர் ஆணியை எடுத்துப் பின்கதவில் நட்சத்திரம் கீறிவிட்டாள். ஒரு முனை மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. சந்தனசாமிக்கு வந்ததே கோபம்! பிறகு சிரித்துவிட்டார். "பண்டிகை முடியட்டும், பெயிண்ட் அடிச்சிக்கலாம்" என்றார். பண்டிகைக்கு மறுநாள் காலை, தோழிக்குக் கேக் கொடுக்கக் கடற்கரையோரக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போன பிள்ளையைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவே இல்லை.

அதன்பின் அந்த வண்டிக்குப் பெயிண்ட் கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மாலை போடும். இவர்கள் இருவரும் பின்கதவின் அடியில் மெழுகுதிரி ஏற்றி, நட்சத்திரத்தைத் தொட்டு முத்தமிடுவார்கள். உப்புக்காற்று தகரத்தைத் தின்றது. பார்த்தவர்கள் கஞ்சன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லறை இருந்தது.

இந்த வருஷம் மகன் அகஸ்டினுக்குக் கல்யாணம். பெண்ணை அந்த வண்டியில்தான் கோயிலுக்கு அழைத்து வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. துருப்பிடித்த வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால் தகரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். "என் உசுரு இருக்குறவரைக்கும் நடக்காது" என்றார் சந்தனசாமி. அகஸ்டின்தான் வழி கண்டுபிடித்தான்.

"வினைல்னு ஒரு ஷீட்டுப்பா. மேல ஒட்டிடுவாங்க. தங்கச்சி போட்டது அடியில அப்படியே இருக்கும். வேணாம்னா உரிச்சிடலாம்."

ஒட்ட வந்த நவநீதன் கதவுகளைத் தட்டிப் பார்த்தான். "துருவ சுரண்டி சரி பண்ணிட்டுத்தான் ஒட்டணுங்க ஐயா. இல்லாட்டி உரிக்கிறப்ப பெயிண்டும் கூடவே வந்துடும்."

"மத்ததெல்லாம் சுரண்டிக்கங்க தம்பி. அந்தக் கதவுல மட்டும் கை வைக்காதீங்க. உரிக்கிறப்ப பாத்துக்கலாம்."

கல்யாணத்தன்று வண்டி வெள்ளை வெளேரென்று கோயில் வாசலில் நின்றது. பின்கதவில் விரல் வைத்தால் ஷீட்டுக்கடியில் கீறல் தட்டுப்பட்டது. மருமகள் இறங்கும்போது சந்தனசாமி அங்கேதான் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஞானமேரி மெழுகுதிரியோடு நின்றாள், ஏற்றவில்லை.

"புள்ள மொகத்த மூடி வச்சிக்கிட்டு எப்புடிங்க ஏத்துறது?"

நவநீதன் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவள் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, மூலையிலிருந்து மெல்ல மெல்ல உரித்தார். முதலில் பச்சை நிறம் பழுதில்லாமல் தெரிந்தது. அவருக்கு மூச்சு வந்தது. நட்சத்திரத்துக்கு அருகே வந்ததும் சரசரவென்று ஒரு சத்தம். ஷீட்டோடு பெயிண்டும் வந்துவிட்டது. கதவில் பழுப்புத் துருவைத் தவிர ஒன்றுமில்லை.

அதே இடத்தில் ஷீட்டைத் திரும்பத் திரும்ப வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை. கதவில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

ஞானமேரி அழவில்லை. ஷீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பசையில் பச்சைச் செதில்கள். அவற்றில் அந்த நீள முனை மட்டும் முழுசாக இருந்தது. உதிர்ந்துவிடாமல் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டாள்.

"ஏங்க, மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "நம்ம புள்ளைக்கு இன்னிக்குத்தான் பொதைக்கிறதுக்கு ஒண்ணு கெடச்சிருக்கு."